பல்லனைச் சுத்தமாக வைத்திருந்த பதினான்கு நாட்கள்

முயலுக்குக் கேரட்டைவிடக் காய்ந்த புல்தான் முக்கியம் என்பது எனக்கும் முதலில் தெரியாது. புல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் அதன் பல் தேயும். தேயாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். இதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் அதன் கீழே சிவப்பு மையால் 'நன்று' என்று போட்டீர்கள்.

நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டீர்கள். பதினைந்தாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாள்வரை நான் எடை போட்டது எந்த முயலை என்பது ஒன்று. குழந்தை போட்ட முடிச்சு இறுகித்தான் முயல் செத்தது என்று அக்கா சொல்வது உண்மையா என்பது இன்னொன்று. வகுப்புத் தராசைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா முயல் செத்த கதையை உங்களிடம் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கேள்விகளே எழுந்திருக்காது. "எழுதிக் கொண்டு வா, படிச்சுட்டுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு பார்க்கறேன்" என்றீர்கள். எனக்கும் பேச்சைவிட எழுத்துதான் வசதி.

வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்க வருகிறவர்கள் முதலில் ஓர் உயிரை இருபத்தொரு நாள் கவனித்து எழுத வேண்டும் என்றீர்கள். மற்றவர்கள் மாமனாரையும் கைக்குழந்தையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் இருப்பது அக்கா வீட்டில். அங்கே அக்கா, மச்சான், அவர்களுடைய ஆறு வயதுப் பெண், நான், அவ்வளவுதான். படுத்த படுக்கையாக யாரும் இல்லை. அந்தப் பெண்ணை மச்சான் வாண்டு என்பார், நாங்களும் அப்படியே. வாண்டுவின் முயலை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதுவும் உயிர்தானே என்றீர்கள். முன்பல் இரண்டும் எப்போதும் வெளியே தெரிந்ததால் அதற்குப் பெயர் பல்லன்.

காலை ஏழு முதல் இரண்டுவரை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிறேன். இரண்டேகாலுக்கு வீடு. அக்காவும் மச்சானும் வேலையிலிருந்து திரும்ப ஏழு ஆகும். ஆகவே பிற்பகல் முழுவதும் பல்லன் என் பொறுப்பு. அதன் கூண்டு என் அறையை ஒட்டிய பால்கனியில் இருந்தது. குறிப்பேட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டேன்: பார்த்தது, செய்தது, பிறகு நடந்தது. நாலாவதாக இன்னொரு பத்தியும் போடச் சொல்லியிருந்தீர்கள், நமக்குள் என்ன தோன்றியது என்று. "கூச்சம், சலிப்பு, அருவருப்பு, எது வந்தாலும் மறைக்காம எழுதுங்க" என்றீர்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பத்தி இருபத்தொரு நாளும் காலி. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகால். பல்லன் உடம்பைச் சுருட்டி, தலையைப் பின்னங்கால்களுக்கு நடுவே கொடுத்து, அங்கிருந்து நேராக எதையோ வாயில் வாங்கி மென்றது. கீழே விழவே விடவில்லை. வழக்கமாகப் போடும் வறண்ட உருண்டை இல்லை அது. குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி, ஈரமாக, சளி பூசியது போல மினுமினுப்பாக இருந்தது. மென்று முடித்து மீசையை நக்கிக்கொண்டது. நான் போய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால், வாண்டு கூண்டைத் திறந்து அதே வாயில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் சொன்னேன். "அது தன் பீயையே திங்குதுக்கா."

"முயல்னா அப்படித்தான்டா. நீ மூணு வயசுல சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன. உன்னை என்ன கூண்டுலயா வச்சோம்?"

"இப்ப வச்சாலும் ஒண்ணும் கெட்டுப்போயிடல" என்றார் மச்சான், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முழுக்கச் சுண்ணாம்பு மாமா, சுண்ணாம்பு மாமா என்று கூப்பிட்டபடி என் மடியில் வந்து விழுந்தாள். முயலைத் தூக்கிய கையோடு. என் தட்டையும் தம்ளரையும் அன்றிலிருந்து என் அறையிலேயே தனியாக வைத்துக்கொண்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், மச்சானின் பழைய தோள்பட்டை எக்ஸ்ரே படத்தை எடுத்து வட்டமாக வெட்டினேன். நடுவில் ஓட்டை. கூம்பு மாதிரி வளைத்துப் பல்லனின் கழுத்தைச் சுற்றி நாடாவால் கட்டினேன். உள்விளிம்பு தோலை அறுக்கக் கூடாது என்று பிளாஸ்டரும் ஒட்டினேன். கொடுமை செய்கிறவன் பிளாஸ்டர் ஒட்டுவானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கழுத்தில் அது இருக்கும்வரை வாய் பின்னால் எட்டாது. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

பல்லன் பின்னோக்கியே நடந்து போய்க் கம்பியில் மோதியது. பின்னங்காலால் தரையை உதைத்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. கிண்ணம் எட்டவில்லை என்பதால் இடுக்கியால் புல்லை எடுத்து அரை மணி நேரம் ஊட்டினேன். 'பாதுகாப்புப் பட்டை அணிவிக்கப்பட்டது. விலங்கு அமைதியாக உள்ளது' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் எடை எண்பது கிராம் குறைந்திருந்தது. அந்த ஈரக் கொத்துகள் வாலடியில் ஒட்டிக் காய்ந்து, முடியோடு சேர்ந்து தார் போல ஆகியிருந்தன. கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு கூடையில் வைத்து, வகுப்புக்குப் போகும் வழியில் இருக்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வாய் ஓயாத மனிதர்.

"யாருப்பா இது, முயலுக்கு ஒலிபெருக்கி மாட்டினது?" என்றார். காரணத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலால் பட்டையை வெட்டி எறிந்தார்.

"அது மலம் இல்ல. அதுக்கு அது ரெண்டாவது சாப்பாடு. ஒருதடவை தின்னா புல்லுல இருக்கற சத்து பூரா இறங்காது, அதான் திருப்பித் திங்குது. தடுத்தா உள்ளுக்குள்ள காஞ்சு போயிடும்."

"பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு டாக்டர்."

"உனக்கு ஒரு மாதிரி இருந்தா நீ திரும்பி நின்னுக்க. அது ஏன் பட்டினி கிடக்கணும்? இன்னொரு தடவை மாட்டினேன்னு வச்சுக்க, தன்னைச் சுத்தம் பண்ணிக்க முடியாது. அடியில ஈ முட்டை போடும். உயிரோட இருக்கறப்பவே புழு வச்சிடும். அப்புறம் தூக்கிட்டு வந்து என்கிட்ட அழக் கூடாது."

அதாவது ஐந்தாம் நாள் மாலையே எனக்கு எல்லாம் தெரியும். அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அதைக் கிழித்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில், கூடைக்குள், அது மறுபடியும் செய்தது. மெல்லும் சத்தம் கேட்டது. தெருவோரத்தில் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மருத்துவருக்கு முயலைத் தெரியும், எங்கள் வீட்டைத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த படத்தில் இரண்டாவது பட்டை வெட்டினேன். முதலாவதைவிட நேர்த்தியாக வந்தது.

"டாக்டர் என்னடா சொன்னாரு?" என்றாள் அக்கா.

"மூணு வாரம் போட்டு வைக்கச் சொன்னாரு."

அக்கா நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது. வாண்டுதான் விடவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கூண்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கழட்டு மாமா, பாவம் மாமா, அதுக்கு மூக்கு அரிக்குது மாமா" என்று நச்சரித்தாள். அவளாகவே கழற்றிவிடுவாள் என்று பட்டது.

"கழட்டினா பல்லன் செத்துடும்" என்றேன். "நீதான் காவல். அவுந்திருக்கான்னு தினம் காலையில, சாயங்காலம் பார்க்கணும்."

நீங்கள் கட்டுப் போடும்போது அவிழாமல் இருக்கக் கற்றுத்தந்தீர்களே, அந்த முடிச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. பத்தாம் நாள் பல்லன் எப்படியோ முன்னங்காலால் பட்டையைத் தள்ளிக் கழற்றிவிட்டிருந்தது. வாண்டு அதைத் துரத்திப் பிடித்து, மடியில் அழுத்தி, பட்டையைத் திரும்ப மாட்டி, முடிச்சும் போட்டுவிட்டு என் அறைக்கு ஓடி வந்தாள். கையெல்லாம் கீறல்.

"மாமா, நான் பல்லனைக் காப்பாத்திட்டேன்."

நல்ல பிள்ளை என்றேன். அவள் நெற்றியில் நட்சத்திரம் ஒன்று ஒட்டினேன். போய் முடிச்சைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போனது. இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன். முடிச்சு இறுக்கமாக இல்லை.

பதினொன்றாம் நாளிலிருந்து அதன் பக்கத்தில் போக முடியவில்லை. நாற்றம் என்று ஒரே சொல்லில் எழுதினால் உங்களுக்குப் புரியாது. கெட்டுப்போன இறைச்சியின் மேல் வாசனைப் பொடி தூவியது போல, இனிப்பும் கலந்த ஒரு வாடை. கூண்டைப் பால்கனியின் கோடிக்குத் தள்ளினேன். தூரத்தில் நின்று குழாயால் தண்ணீர் பீய்ச்சினேன். ஈரம் காயாமல் அது இன்னும் மோசமானது. தூக்கி எடை போடுவதை நிறுத்திவிட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாள் எடைகள் ஊகம். ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பதின்மூன்றாம் நாள், மாலை நாலு பத்து. பல்லன் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பின்பக்கத்து முடி காற்றில்லாமல் அசைந்தது. குனிந்து பார்த்தேன். தோல் பிளந்து, அதற்குள் வெந்த அரிசி மாதிரி, நிறைய, ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. சில உள்ளே போய்க்கொண்டிருந்தன. பல்லனுக்குக் கண் திறந்திருந்தது. அது தலையைத் திருப்பிப் பார்க்க முயன்றது. பட்டை இடித்ததால் முடியவில்லை. அதன் பல் நறநறவென்று உரசிக்கொண்டது. வலி வந்தால் முயல் அப்படிச் செய்யும் என்று நானே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பால்கனிக் கதவைச் சாத்தினேன். பல்லன் தூங்குது, நாளைக்குச் சாயங்காலம் பார்த்தால் போதும் என்று வாண்டுவிடம் சொன்னேன். முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். சட்டையை மாற்றினேன். ஐந்தரைக்கு வழக்கம்போல வாண்டுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வகுப்புக்குக் கிளம்பினேன். மருத்துவர் தன் வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, உன் ஒலிபெருக்கி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு டாக்டர்" என்றேன்.

சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். ஐந்து நிமிட நடை. ஆனால் யாராவது அதைத் தூக்க வேண்டியிருக்கும். அவர் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அந்த நினைப்பே எனக்குக் குமட்டியது. அன்றைக்குத்தான் நீங்கள் என் பன்னிரண்டாம் பக்கத்தை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, குறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றீர்கள்.

மறுநாள் இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். பால்கனியைத் திறக்கவில்லை. உள்ளே நறநறவென்ற சத்தம் இன்னும் இருந்ததா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருந்தது என்றே நினைக்கிறேன். என் அறையில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்தேன். மூன்றே முக்காலுக்கு வாண்டு பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், தன் காவல் வேலையைப் பார்க்கப் போனாள்.

"மாமா, பல்லன் மூச்சு விட மாட்டேங்குது" என்றாள். கத்தவில்லை. அவள் விரல்கள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தன. அவிழவில்லை, அவிழாத முடிச்சுதானே அது. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "நான் இறுக்கிக் கட்டிட்டேனா மாமா?"

நான் எதையும் அடித்துச் சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது ஒரே வார்த்தைதான். அன்றும் அதுதான் வந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

அக்கா வருவதற்குள் பல்லனைப் பழைய துண்டில் நன்றாகச் சுற்றிவிட்டேன். பட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். "என்னடா ஆச்சு?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு, "நான்தான்மா" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மச்சான் துண்டைப் பிரித்துப் பார்க்காமல் பின்பக்கத்துக் காலி இடத்தில் புதைத்துவிட்டு வந்தார்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: எந்த முயலையும் இல்லை. அந்த ஏழு பக்கமும் நானே யோசித்து எழுதியவை. அவைதான் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள். அந்த ஏழு நாளும் முயல் சுத்தமாக இருந்தது.

இரண்டாவதற்குப் பதில்: இல்லை. முடிச்சு காரணம் இல்லை. பட்டை போட்டதும் நான், தெரிந்தே திரும்பப் போட்டதும் நான், புழுவைப் பார்த்த பிறகு கதவைச் சாத்தியதும் நான். இதை அக்காவிடமும் சொல்லிவிடு என்பீர்கள். பல தடவை யோசித்தேன். குழந்தைக்கு ஆறு வயது, மறந்துவிடும். என்னை மறக்க அவர்களால் முடியாது. இத்தனையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன் என்பதால் சான்றிதழ் விஷயத்தில் நீங்கள் நியாயமாக நடப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கெடுதல் மட்டும்தான் நடந்தது என்றும் சொல்ல முடியவில்லை. வாண்டு இப்போது என் மடியில் வந்து விழுவதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் கழுவுதொட்டி முன்னால் முக்காலி போட்டு ஏறி நின்று கை கழுவுகிறாள். சாப்பிடுவதற்கு முன்னால், பின்னால், நடுவில் காரணமே இல்லாமலும். விரல் இடுக்கு, நகக்கண் எதையும் விடாமல் தேய்க்கிறாள். நேற்று எண்ணினேன், பதினேழு முறை. புறங்கையில் தோல் வெடித்து லேசாக ரத்தம் கசிகிறது. அக்கா திட்டினால் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி குழாயைத் திறக்கிறாள். நான் திட்டுவதில்லை. இத்தனை நாளுக்குப் பிறகு, அந்த வீட்டில் என்னைப் புரிந்துகொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.