ஒரு டம்ளர் டேம் தண்ணி

— அழுதுக்கினே நின்னா நான் எழுதுனது மாறிடுமா?

— நான் அழல மேஸ்திரி. உங்க கடைப் புகை கண்ணுல எரியுது.

— இந்தா பாரும்மா. ஆசிரமத்து வெள்ளைக்காரன் ரெண்டு பேரு புல்லட்டை இங்க போட்டுட்டுப் போயிருக்கான். கிளட்ச்சைப் புடிக்கத் தெரியாது, இமயமலைக்கு ஓட்டப் போறானாம். அதுங்களோட மாரடிக்கறதா, உன்னோட மாரடிக்கறதா? ஒரே ஒரு தடவை சொல்றேன், கேட்டுக்கோ. உன் வூட்டுக்காரன், சாத்தனூர் டேம்ல போட் ஓட்டுற தொரை, வேடியப்பன், பெட்ரோலைத் திருடிட்டு, கொறைஞ்ச அளவுக்கு டேம் தண்ணிய மொண்டு ஊத்தி வெச்சுட்டான். ஞாயித்துக்கிழமை எட்டு பேரை ஏத்திக்கினு போனான். நடு டேம்ல இன்ஜின் நின்னுச்சு. நேத்து நான் போயி டேங்க்கைக் கழட்டுனேன். அடியில மூணு லிட்டர் தண்ணி. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முடிஞ்சுது.

— நீங்க எழுதுன அந்தப் பேப்பரை வெச்சுத்தான் போலீஸ்ல குடுக்கப் போறாங்களாமே.

— குடுக்கட்டுமே. போட் கான்ட்ராக்ட் எடுத்தவரு அப்பாசாமி. அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்குவாரு. போட்ல இருந்தது யாருன்னு தெரியுமா? மெட்ராஸ்லேர்ந்து தீபம் பார்க்க வந்த பெரிய இடத்துக் குடும்பம். அவங்களுக்கு ஒரு தலை வேணும். அப்பாசாமி தன் தலையவா குடுப்பாரு?

— அந்த எட்டு பேர்ல ஒருத்தர் துணிகூட நனையல மேஸ்திரி. காத்து ஷட்டர் பக்கம் இழுத்துக்கினு போச்சாம். உக்கார்ற பலகையப் பேத்து, அதையே துடுப்பாப் போட்டு, ஒண்ணரை மணி நேரம் தள்ளிக் கரை சேர்த்திருக்காரு. ரெண்டு கையும் தோலு உரிஞ்சு கெடக்குது.

— அதுக்கு மெடலு குத்தணுமா? வெச்சதே அவன் வெச்ச கொள்ளி. அதை அவனே அணைச்சான்னு கையத் தட்டணுமா?

— அவரு ஊத்தலன்னு நான் சொல்றேன்.

— நீ சொல்லுவ. டேம்ல போட் வுட்ட நாள்லேர்ந்து அந்த இன்ஜினுக்கு நான்தான் டாக்டரு. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸு. நீ யாரு?

— நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா மேஸ்திரி?

— ஏன் தெரியாது? பச்சையம்மா. ஜவ்வாது மலை அடிவாரத்துல சாராயம் காய்ச்சுன கும்பல். திருட்டுப் பொழப்பு உங்களுக்குப் புதுசா?

— எங்க அப்பா காய்ச்சுனாரு, நான் சொமந்தேன். வேலூர் ஜெயில்ல பதினோரு நாள் இருந்தேன். எதையும் மறைக்கல. அடுப்பை அணைச்சாத்தான் தாலி கட்டுவேன்னு சொன்ன மனுசன் அவரு. அணைச்சேன். பதினாறு வருஷமாச்சு. சரி, ஒண்ணு கேக்கட்டுமா? அது தண்ணிதான்னு எப்படித் தெரிஞ்சுது?

— கண்ணு இருக்குதே, அதனால தெரிஞ்சுது. பெட்ரோலு மேல நிக்கும், தண்ணி கீழ போயிடும். மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்.

— மோந்து பார்த்தீங்களா?

— தீபத்தன்னிக்கு மழையில நனைஞ்சு மூக்கடைச்சுக்கினு ஒரு வாரமாவுது. கற்பூரத்தைக் காட்டுனாக்கூட வாசனை தெரியல. இதுல தண்ணிய வேற மோந்து பார்க்கணுமா? தண்ணிக்கு இன்னா வாசனை, மல்லிப்பூவா?

— இப்ப பெட்ரோல்ல சாராயம் கலக்கறாங்க, தெரியுமா?

— இன்னாது?

— சாராயம்னா, அதுலயும் வீரியமான ஸ்பிரிட்டு. எங்க தம்பி அருள்ராஜ் சர்க்கரை ஆலையில இருக்கான். கரும்புச்சாறு காய்ச்சி சர்க்கரை எடுத்துட்டா, மிச்சம் கருப்பா ஒரு பாகு நிக்கும். அதைப் புளிக்க வெச்சு ஸ்பிரிட் எறக்குறாங்க. அது டேங்கர் லாரியில பெட்ரோல் டிப்போவுக்குப் போவுது. நூறு லிட்டருக்கு அஞ்சு லிட்டர் கலந்துதான் பங்க்குக்கு வருதாம். எத்தனால்னு பேரு.

— ஆஹா! அப்போ நாளைக்கு ஜிலேபியப் புழிஞ்சு ஊத்தி பஸ்ஸு ஓட்டுவாங்களா? பொங்கலுக்குக் கரும்பைச் சொருவிட்டா லாரி ஓடுமா? ஏம்மா, எனக்கே பெட்ரோல் பாடம் எடுக்கறியா?

— பாடம் இல்ல மேஸ்திரி. எனக்குத் தெரிஞ்சது சரக்குதான். சரக்கு தண்ணிய இழுக்கும். கேனை மூடாம மழை ஈரத்துல வெச்சா ரெண்டு நாள்ல வீரியம் கம்மியாயிடும். எங்கப்பா அதுக்காகவே மெழுகு வெச்சு அடைப்பாரு. தம்பிகிட்ட கேட்டேன், பெட்ரோல்ல கலந்ததும் அப்படித்தான்னான். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா உள்ள போயிட்டா, ஸ்பிரிட்டு பெட்ரோலை வுட்டுட்டு தண்ணியோட சேர்ந்துக்குமாம். ரெண்டும் சேர்ந்து அடியில போய் நின்னுக்குமாம். பார்க்கப் பச்சைத் தண்ணி மாதிரியே இருக்குமாம்.

— தண்ணி எப்படி உள்ள போவும்? நடந்து போவுமா?

— தீபத்துக்குக் கூட்டம் வரும்னு ஐப்பசியிலேயே அப்பாசாமி ஒரு டிரம் பெட்ரோல் வாங்கி ஷெட்டுல நிறுத்துனாரு. மழை புடிச்சுது, ஒண்ணரை மாசம் போட்டே வுடல. டிரம்மு ஒழுவுற கூரைக்கு அடியில நின்னுச்சு, மூடியும் சரியா திருகல. ஞாயித்துக்கிழமை, டிரம்மு அடியில மிச்சம் இருந்ததைத்தான் டேங்க்ல ஊத்துனாங்க.

— பைக் எல்லாம் ஓடுது? அதே பங்க்கு, அதே பெட்ரோலு!

— பைக்குக்கு இன்னிக்கு ஊத்துனது நாளைக்குத் தீர்ந்துடும். டிரம்முல ஒண்ணரை மாசம் மழையில ஊறல.

— போதும் நிறுத்து. நல்லாத்தான் கதை கட்டுற. இரு, போன் அடிக்குது... அலோ... சொல்லுங்க அப்பாசாமி அண்ணே... ரெடியா இருக்குது ணே. அவன் பொண்டாட்டி இங்கதான் வந்து நிக்கிறா... இன்னாது? எங்க?... பெரியாஸ்பத்திரியிலயா! பஸ் ஸ்டாப்புல வுழுந்து கெடந்தானா?... சாராய வாடையா! டாக்டரே சீட்டுல எழுதிட்டாரா?... ஹா ஹா! கேளுங்க ணே, இவ எனக்கு அரிச்சந்திரன் கதை சொல்லிக்கினு இருந்தா!... ஆங், அதையும் சேர்த்துடறேன். வெச்சுடறேன்.

— சிரிச்சு முடிச்சீங்களா?

— ஏம்மா, இதை ஏன் மொதல்லயே சொல்லல? புருஷன் நேத்து சாயங்காலம் முட்ட முட்டக் குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்து கெடந்திருக்கான். நீ இங்க வந்து, அடுப்பை அணைச்சாரு, தாலி கட்டுனாருன்னு நாடகம் போடுற.

— அவரு குடிக்க மாட்டாரு.

— டாக்டருக்கு மூக்கு இல்லையா?

— டாக்டர் மூக்கு சரியாத்தான் இருக்குது. உங்க மூக்குதான் அடைச்சிருக்குது.

— வாயி நீளுது. இந்தா, உன் கண்ணு முன்னாடியே எழுதறேன். "மேற்படி வேடியப்பன் குடிப்பழக்கம் உள்ளவர்." போதுமா?

— எழுதுங்க. கூடவே தண்ணி விசயத்தையும் இன்னும் கொஞ்சம் தெளிவா எழுதிடுங்க. இல்லன்னா நாளைக்கு நான் போயி, அது ஸ்பிரிட்டு, கிஸ்பிரிட்டுன்னு ஸ்டேஷன்ல ஒளறுவேன்.

— பரவாயில்ல, வழிக்கு வர்ற. இன்னா எழுதணும்?

— டேங்க்லேர்ந்து எடுத்தது வெறும் டேம் தண்ணி, வேற எதுவும் கலக்கலன்னு.

— "டேங்கின் அடியிலிருந்து எடுத்தது வெறும் அணைத் தண்ணீரே. வேறு எந்தப் பொருளும் அதில் இல்லை." இந்தா, சக்கரபாணி, கையெழுத்து. இன்னும் இன்னா, ரத்தத்துல கைநாட்டு வெக்கட்டுமா?

— வேணாம். நேத்து டேங்க்லேர்ந்து வடிச்சதை ஒரு பாட்டில்ல புடிச்சு ஷெட்டுல வெச்சுட்டு வந்தீங்களே, சாட்சிக்குன்னு. இதுதானே அது? மூடி மேல உங்க கையால பேனாவுல தேதி போட்டிருக்குது.

— இது உன் கைக்கு எப்படி வந்துச்சு?

— ஷெட்டு பெருக்குற காசியம்மா குடுத்தாங்க. அதுதானே?

— அதேதான். அதுக்கு இன்னா இப்போ?

— ஷெட்டுல இருந்த டம்ளரையும் கொண்டாந்திருக்கேன். ஒரு டம்ளர் ஊத்தறேன். குடிங்க.

— ஏய்.

— வெறும் தண்ணின்னு ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குடிச்சுட்டீங்கன்னா நான் வாயப் பொத்திக்கினு போயிடறேன். அந்தப் பேப்பரை நானே எடுத்துக்கினு போயி ஸ்டேஷன்ல குடுக்கறேன்.

— யாருகிட்டடி சவால் வுடுற? அந்த டேம் தண்ணியிலயே குளிச்சு, அந்தத் தண்ணியக் குடிச்சு வளர்ந்தவன் நான்.

— "டி" வேணாம் மேஸ்திரி. குடிங்க.

— குடு இப்படி... த்தூ! த்தூ! ஐயோ, இன்னாது இது? நாக்கு பொசுங்குது!

— டேம் தண்ணி.

— வெளையாடறியா? நீ இன்னாவோ கலந்துட்ட!

— மூடிய ஒட்டி நீங்க சுத்துன கறுப்பு டேப்பு பிரியாம இருந்துச்சு. நீங்கதான் இப்பப் பார்த்தீங்க, உங்க எதுருலதான் பிரிச்சேன். இருங்க. அந்தப் புல்லட்டைத் தாண்டி வெளிய வாங்க, கடைக்குள்ள வேணாம். மூடியில கொஞ்சம் ஊத்தறேன். தீப்பெட்டி குடுங்க.

— தண்ணி எங்கனா பத்துமா?

— எங்கப்பா இப்படித்தான் சரக்கு பார்ப்பாரு. பார்த்துக்கோங்க.

— எங்க பத்துச்சு? ஒண்ணும் தெரியல.

— வெயில்ல தெரியாது. கைய மேல கொண்டாங்க.

— ஆ! சுடுது... கையால மறைச்சா நீலமாத் தெரியுது... அடப்பாவி.

— தண்ணி எரியுதா மேஸ்திரி?

— எந்த அறிவுகெட்டவன் இதை பெட்ரோல்ல கலக்கச் சொன்னான்? மெக்கானிக்குன்னு ஊருக்கு ஊரு ஒருத்தன் இருக்கானே, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாம்? ஏசி ரூம்புல குந்திக்கினு கையெழுத்துப் போடறானுங்க, டேம்ல இன்ஜின் நிக்குது. இந்த அப்பாசாமி இருக்கானே, கஞ்சன். கூரைக்கு ஓடு மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமாக் கத்தறேன். டிரம்முக்கு மூடிகூட திருகத் தெரியாதவனுக்கு போட் கான்ட்ராக்ட்டு!

— அப்போ எங்க வூட்டுக்காரரு திருடல.

— திருடலதான் போல. இது என் தப்பும் இல்ல, சொல்லிட்டேன். புதுசா வந்த எழவு இது, யாரா இருந்தாலும் தண்ணின்னுதான் சொல்லியிருப்பான். குடு அந்தப் பேப்பரை, கிழிச்சுட்டு வேற எழுதறேன். போட் தண்ணிக்கு நடுவுல நிக்கிற வண்டி, அதுக்கு இந்தப் பெட்ரோலை நாள்கணக்கா ரொப்பி வெக்கவே கூடாதுன்னு எழுதறேன். அப்பாசாமி வவுறு எரியட்டும்.

— எழுதுங்க. இன்னொண்ணும் எழுதணும். ஆஸ்பத்திரியில டாக்டரு கேக்கறாரு. இதை ஒரு டம்ளர் குடிச்சா இன்னா ஆவும்?

— குடிச்சாலா? நாக்குல பட்டதுக்கே எனக்கு நெஞ்சு வரைக்கும் எரியுது. இது பெட்ரோல்ல ஊறுன ஸ்பிரிட்டும்மா. கொடலு வெந்துடும். போதை தலைக்கேறி, வுழுந்த எடத்துலயே கெடப்பான். வாந்தி நெஞ்சுல அடைச்சா ஆளே போயிடுவான்.

— அப்படியே எழுதுங்க.

— எழுதறேன். ஆனா அந்த டாக்டருக்கு இது எதுக்கு? எந்த மடையன் இதைப் போயி குடிப்பான்?

— அவரா குடிக்கல மேஸ்திரி. நேத்து சாயங்காலம் ஷெட்டுல வெச்சு, "நீ ஊத்துன தண்ணிதானேடா, நீயே குடி"ன்னு, தலைமுடியப் புடிச்சு நிமுத்தி, இதே டம்ளரால அவரு வாயில ஊத்துனது நீங்கதானே?