கட்டில் இருந்த இடம்

குவோங்: ஆ-ஃபான், குழாயை மெதுவா திற… மெதுவான்னா… ஐயோ, தரையெல்லாம் தண்ணி!

ஃபான்: கத்தாதே. கீழ் வீட்டு லியூங் அம்மா மேல வந்துடப் போறாங்க. வாஷிங் மெஷின் ஒழுகினதுக்கே என்ன பேச்சு பேசினாங்க!

குவோங்: இப்ப சரியா வருது. விடு. நிறைய நேரம் பிடிக்கும்.

ஃபான்: தொட்டிக்குள்ள மணல் போடலியா? கல்லு, செடி எதுவும்? கடையில எவ்ளோ அழகா வெச்சிருந்தாங்க.

குவோங்: டிஸ்கஸ் மீனுக்கு வெறும் கண்ணாடிதான். மிச்சம் வெச்ச தீனி மணலுக்குள்ள அழுகிச்சுன்னா தீர்ந்தது கதை. தண்ணி முப்பது டிகிரி இருக்கணும். கொஞ்சம் ஆறினாலும் உடம்பெல்லாம் கறுத்துப் போய், மூலையில மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கும்.

ஃபான்: அப்படியே உங்கம்மா.

குவோங்: அந்தத் துணிய எடு, தரையைத் துடைக்கணும்.

ஃபான்: சும்மா சொன்னேன்பா.

குவோங்: நான் ஒண்ணும் சொல்லலியே.

ஃபான்: சரி, தீனி என்ன? அதுக்கும் தனி சமையலா?

குவோங்: மாட்டு இதயம். கொழுப்பு, நரம்பெல்லாம் எடுத்துட்டு நல்லா அரைச்சு…

ஃபான்: எதுல அரைப்பே?

குவோங்: அது வந்து…

ஃபான்: என் மிக்ஸியிலயா! தொட்டுப் பாரு, கையை ஒடிக்கிறேன்.

குவோங்: புதுசா ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு.

ஃபான்: வாங்கி எங்க வைப்பே, என் தலையிலயா? இந்த வீட்டுல ஒரு ஜோடி செருப்பு உள்ள வரணும்னா ஒரு ஜோடி வெளிய போகணும்.

குவோங்: தொட்டிக்கு மட்டும் இடம் வந்திருச்சு, பாத்தியா.

ஃபான்: என்ன, குத்திக் காட்டுறியா? நேத்து உங்கம்மா கட்டிலைக் கழட்டினது யாரு, நானா?

குவோங்: நான்தான். இல்லேன்னேனா? பிளக் இந்தப் பக்கம்தான் இருக்கு. வெயிலும் நேரா விழாது. வேற எங்க வைக்க முடியும்?

ஃபான்: அதான். அந்தப் பலகைய எல்லாம் கீழ குப்பை ரூம்ல வெச்சேன்ல, காலையில பார்த்தா யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க.

குவோங்: நல்ல மரம் அது.

ஃபான்: ம்.

குவோங்: அம்மாவும் இப்போதைக்கு வர மாட்டாங்களே. விழுந்து ஒடிஞ்ச இடுப்பு. மூணு மாசமாவது அந்த முதியோர் இல்லத்துலயே இருக்கட்டும்னு… டாக்டரே சொல்லிட்டார்.

ஃபான்: சொன்னே, சொன்னே. நானும்தான் செவ்வாய்க்கிழமை போனேனே. நல்லா தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்ப மனசில்லாம வந்துட்டேன்.

குவோங்: தூங்கினாத்தான் எலும்பு சேரும்.

ஃபான்: ஆமா.

குவோங்: அம்மாவுக்கு மீன் பிடிக்கும். வீட்டுல மீன் செத்தா, யாருக்கோ வர இருந்த கெடுதலை அது வாங்கிட்டுப் போச்சுன்னு சொல்வாங்க.

ஃபான்: அப்ப ஒரு டஜனா வாங்கு. நீ வாங்கறேன்னு சொன்ன ஆறு நம்ம ரெண்டு பேருக்குப் பத்தாது.

குவோங்: வாயக் கழுவு… ஃபான், தண்ணி கால் தொட்டி வந்திருச்சு.

ஃபான்: அதுக்கென்ன?

குவோங்: இல்ல… இப்ப நிறுத்தினா நாம ரெண்டு பேருமே நகர்த்திடலாம். இதுக்கு மேல போச்சுன்னா நாலு ஆள் வந்தாலும் அசையாது.

ஃபான்: எதுக்கு நகர்த்தணும்?

குவோங்: சும்மா சொன்னேன். சமமா நிக்குதான்னு…

ஃபான்: அதை அப்பவே பார்த்தாச்சு. குழாயை மூடட்டுமா?

குவோங்: …

ஃபான்: மூடவா, வேண்டாமா? வாயைத் திறந்து சொல்லேன்.

குவோங்: ஓடட்டும்.

ஃபான்: இந்த மீன் குட்டி போடுமா?

குவோங்: முட்டைதான். குஞ்சுங்க அப்பா அம்மா மேலயே ஒட்டிக்கிட்டு, தோல்ல ஊறுறதைத் தின்னு வளரும். கொஞ்சம் பெருசானதும் பிரிச்சு வேற தொட்டியில விட்டுடணும். இல்லேன்னா கொத்திக் கொத்தியே பெத்ததுங்களைப் புண்ணாக்கிடும்.

ஃபான்: போதும், நிறுத்து.

குவோங்: நீதானே கேட்டே.

ஃபான்: தெரியாம கேட்டுட்டேன்.

குவோங்: ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு மீன் தொட்டின்னு கெஞ்சிட்டு இருக்கேன். எரிஞ்சு விழுவே. இப்ப நீயே போய் தொட்டிய வாங்கிட்டு வந்து நிக்கிறே…

ஃபான்: ஏன், உனக்கு சந்தோஷமா இல்லியா?

குவோங்: சந்தோஷம்தான். அதான் பயமா இருக்கு.

ஃபான்: லூசு… மீன் எப்ப வரும்?

குவோங்: ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் வெறும் தண்ணிதான் ஓடணும். தண்ணி பக்குவப்படாம மீனை விட்டா ஒண்ணுகூட மிஞ்சாது.

ஃபான்: ஒரு மாசம் வெறும் தண்ணியவா பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்? யாராவது வந்து இது எதுக்குன்னு கேட்டா?

குவோங்: யார் வரப் போறா?

ஃபான்: தண்ணி எவ்ளோ வந்திருக்குன்னு பாரு.

குவோங்: பாதி தாண்டிருச்சு.

ஃபான்: இனிமே நகராதா?

குவோங்: நகராது.

ஃபான்: நிச்சயமா?

குவோங்: நிச்சயமா… ஆ-ஃபான், மூணு மாசம்னு டாக்டர் சொல்லவே இல்ல.

ஃபான்: ம்.

குவோங்: நேத்து இல்லத்துலேர்ந்து போன் வந்துச்சு. நல்லா நடக்கிறாங்க, சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்கன்னாங்க. நீ பலகைய எடுத்துட்டு கீழ போயிருந்தே. கட்டில் பாதிதான் கழட்டியிருந்தேன்.

ஃபான்: அப்புறம்?

குவோங்: மீதியையும் கழட்டினேன்.

ஃபான்: அழாதே. எனக்கு முன்னாடியே தெரியும்.

குவோங்: தெரியுமா! எப்படி?

ஃபான்: செவ்வாய்க்கிழமை அத்தை தூங்கலை. கோட்டு போட்டுக்கிட்டு, பையைக் கட்டி மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தடிகூட இல்லாம லிஃப்ட் வரைக்கும் என்கூட நடந்து வந்தாங்க.

குவோங்: நீ… நீ என்ன சொன்னே?

ஃபான்: கட்டில் உடைஞ்சு போச்சு, இப்ப கூட்டிட்டுப் போக முடியாதுன்னேன்.

குவோங்: அதுக்கு அம்மா என்ன சொன்னாங்க?

ஃபான்: கட்டில் எதுக்கும்மா, அதே இடத்துல தரையில படுத்துக்கறேன்னாங்க. அங்கிருந்து நேரா மீன் கடைக்குத்தான் போனேன். சின்னத் தொட்டியே போதும்னார் கடைக்காரர். இல்ல, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.