ஹேவும் ஹேடும்

— அப்ப மதியச் சோத்துக்கும் 'ஹேவ்'தானா?

— ஆமாம்மா. ஹேவ் லஞ்ச். சாப்பிடுறது.

— நீ ஓட்டுற இந்தக் காடிக்கும் ஹேவ், காய்ச்சலுக்கும் ஹேவ்னு இப்பத்தானே சொன்ன?

— அது அப்படித்தான் லா. ஒரே வார்த்தைய வச்சு ஊரையே ஓட்டிருவானுங்க. உனக்கு எதுக்கு இவ்வளவு? லங்காவி ஃபெரி வரும், அந்தம்மா எறங்குவாங்க. வெல்கம் சொல்லு, மீன் கறி வாங்கிக் குடு. அலோர் ஸ்டார்ல ரயில் ஏத்தி விட்ருவோம். பேச நான் இருக்கேன்ல?

— உங்கப்பாவும் அதான் சொன்னாரு. 'அக்னஸ், இந்த வயசுல உனக்கு எதுக்கு இங்கிலீசு, டேரில் பேசிக்குவான்'னு. நீ பேசுனா அது உன் பேச்சுடா. நான் ஒரு வாக்கியமாவது பேசணும்.

— சரி, கேளு.

— நம்ம 'எங்கிட்ட காடி இருக்கு'ம்போம். இங்கிலீசுல அப்படி வராதா?

— வராது. நமக்குப் பொருள் பாட்டுக்கு நம்மகிட்ட இருக்கும். அங்க ஆளுதான் அதப் புடிச்சு வச்சிருக்கணும்.

— கைய விட்டுப் போச்சுன்னா?

— ஹேட். 'ஐ ஹேட் எ மோட்டார்.' வச்சிருந்தேன், இப்ப இல்ல.

— வித்தாலும் ஹேட், களவு போனாலும் ஹேட்?

— ஆமா. எப்படிப் போச்சுன்னு அதுல தெரியாது.

— நம்மளே குடுத்துட்டா?

— அதுவும் ஹேட்தான்.

— அப்ப 'ஐ ஹேட் எ பேபி'ன்னா, பிள்ள இருந்துச்சு, இப்ப இல்லைன்னு அர்த்தமா?

— இல்லம்மா, அது வேற. பிள்ள பெத்தேன்னு அர்த்தம்.

— பெத்தேன். அப்புறம் அந்தப் பிள்ள எங்கன்னு?

— அது அந்த வார்த்தையில வராது. ஏம்மா, யாரு வர்றாங்க இன்னிக்கு? பாலிங் ரப்பர் தோட்டத்துல இருந்த வெள்ளைக்கார டாக்டரோட மகள்னு சொன்ன.

— டாக்டர் மகதான். வளத்தது அவங்க. பெத்தது நான்.

— என்னம்மா சொல்ற?

— காடி நிக்குதுல்ல? ஓட்டுறப்ப சொல்லக் கூடாதுன்னுதான் ஃபெரி ஜெட்டி வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல.

— எப்ப நடந்துச்சு இது?

— உங்கப்பாவப் பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடி. டாக்டர் பங்களாவுல சமையல் வேலை எனக்கு. ரப்பர் மரத்துக் கித்தாப்பால் ஏத்துற லோரி ஓட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான். அவன் பேச்ச விடு. அவனும் விட்டுட்டுத்தான் போனான். டாக்டரம்மாவுக்குப் பிள்ள இல்ல. கேட்டாங்க.

— புடுங்கிக்கிட்டாங்களா?

— இல்ல. அப்படின்னா எனக்கு லேசா இருந்திருக்கும். ஒனக்கு மனசு வரலைன்னா விட்ருவோம் அக்னஸ்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. நான்தான் தூக்கிக் குடுத்தேன். பால் குடிச்சிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஸ்காட்லாந்து போயிட்டாங்க.

— அப்பாவுக்கு?

— மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். யோசிக்கிறேன்னு போனாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்து, கல்யாணச் சேலை என்ன கலர்ல வேணும்னு கேட்டாரு.

— எனக்கு மட்டும்தான் தெரியாது.

— உனக்கு மட்டும்தான்.

— ஒரே பிள்ள, ஒரே பிள்ளன்னு திகாம் பத்து ஊரு முழுக்கச் சொல்லுவியேம்மா.

— சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப் போச்சு. கோவமாடா?

— இன்னும் வரல. வீட்டுக்குப் போனதும் வரும்னு நெனைக்கிறேன்.

— வரட்டும். இப்ப வாக்கியத்தச் சொல்லிக் குடு.

— என்ன கேக்கப் போறாங்களாம்?

— ஒண்ணும் கேக்க மாட்டாளாம். மன்னிப்பும் வேணாம், காரணமும் வேணாம், மொகத்தப் பாத்துட்டு ரயிலேறிர்றேன்னு நம்ம கோயில் ஃபாதருக்கு எழுதியிருக்கா. அதனால நீட்ட வேணாம். 'சின்ன வயசுல உன்னப் பெத்தேன், உன்ன வச்சுக்கல.' இவ்வளவுதான்.

— 'ஐ ஹேட் யூ வென் ஐ வாஸ் யங். ஐ டிட் நாட் கீப் யூ.'

— ஐ ஹேட் யூ...

— ஐயோ, நிறுத்தும்மா! கடைசியில அப்படி அழுத்தாத. அழுத்துனா 'உன்ன வெறுக்குறேன்'னு ஆயிரும்.

— பெத்தேன்னு சொன்னா வெறுக்குறேன்னா அர்த்தம்?

— வார்த்தை வேற. ஒன் வாயில ரெண்டும் ஒண்ணா வருது. நாக்க லேசா வச்சு எடு. ஹே...ட்.

— இவ்வளவு தூரம் வந்தவகிட்ட நாக்கு பெரண்டா என்னடா ஆவுறது?

— நான் பக்கத்துல நிக்கிறேன்லா. எறங்கு, ஃபெரி வந்துருச்சு. அவங்க பேரு என்ன? கூட்டத்துல கூப்பிடணும்ல?

— தெரியாது. பேரு வைக்காமத்தான் குடுத்தேன். ஃபாதர் சொல்ல வந்தாரு, வேணாம்னுட்டேன். தெரிஞ்சா அதையே சொல்லிக்கிட்டு அலைவேன்னு பயம்.

— அந்தா, கறுப்புப் பை, வெள்ளச் சட்டை. தனியா வர்றாங்க. அம்மா, நடை அப்படியே நீதான்.

— எனக்கு எல்லா வாக்கியமும் மறந்துபோச்சு. நீ போய்க் கேளு. நான் இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— எக்ஸ்கியூஸ் மீ, மிஸ்! ஆர் யூ ஃப்ரம் ஸ்காட்லாந்து? யுவர் நேம், பிளீஸ்?

— என்னடா சொல்றா? எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே.

— பேரக் கேட்டேம்மா. அக்னஸாம்.