சேர்ந்து ஓடியவர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு அக்காக்கள். புடவையில் இருந்தாலும் போலீஸ் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நம்ம செல்வி ஸ்டேஷன்ல அந்தப் பொண்ண அடிச்சத நான் பாக்கல. ஆனா எத்தினி அடின்னு கரெக்டா சொல்வேன்" என்றார் ஜன்னலோரத்து அக்கா. நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.

"பக்கத்து ரூம்ல இருந்தியா சுமதி?"

"எழுதிக்கினே சத்தத்த எண்ணிக்கினு இருந்தேன். செல்போன் திருடிட்டான்னு ஹாஸ்டல்லேர்ந்து இட்டாந்த கம்பெனிப் பொண்ணு. பதினோரு அடி."

"எங்கிட்ட ரெண்டுன்னாளே!"

"நாளைக்கு விசாரணையில என்னியத்தான் கேப்பாங்க. ட்ரெய்னிங்ல, வரிசைல எவளாவது சிரிச்சா யாருன்னு கேப்பாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஒருத்தியும் சொல்ல மாட்டோம். மொத்தப் பேரும் கிரவுண்ட சுத்தி ஓடுவோம். பாதி வாட்டி சிரிச்சவ நீதான்டி!"

"செல்விதான் என் கையப் புடிச்சி இழுத்துக்கினே ஓடுவா."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு கம்பெனி வாசலில் பஸ் நின்றது. கழுத்தில் அட்டை தொங்க நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். சிரிப்பு அடங்கியது.

"அவளயா காட்டிக்குடுக்கப் போற?"

"அன்னிக்கி நம்ம தப்புக்கு நாமளே ஓடுனோம். இந்தப் பொண்ணு அடி வாங்குனதுல கம்பெனி லைன்ல நிக்க முடியாம வேலய வுட்டுட்டு ஊருக்கே போயிட்டா. அவகூட யாருடி ஓடுனோம்?"

கோயில் ஸ்டாப் வந்தது. படியில் இறங்கும்போது தோழி சொன்னார்:

"பதினொண்ணுன்னே சொல்லு. கொறைக்காத."