பெட்ரோல் போன வழி

ஊருக்குள் ஓடும் வண்டி எதுவும் விற்றவன் சொன்ன மைலேஜைத் தராது, சார். இதை எல்லோரும் ஒப்புக்கொண்டால் என் பட்டறைக்கு வருகிற கூட்டத்தில் பாதி குறைந்துவிடும். சிக்னலில் நிற்பது, முன்னால் இருப்பவன் நகர்ந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பது, அடுத்த நொடியே பிரேக்கை மிதிப்பது. பெட்ரோலை எரித்துச் சேர்த்த வேகத்தை நாமே காலால் நசுக்குகிறோம். டயரில் காற்று குறைந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ மைலேஜ் இன்னும் கொஞ்சம் குறையும். மற்றபடி இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

நீங்கள் மாமாவின் வண்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நடுவில் நிறுத்தாதீர்கள், கோர்வையாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வீடு, மனை காட்டுகிற தரகர். நாள் முழுவதும் வண்டிக்குள்ளேயே கிடப்பவர். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கழற்றிய சாக்ஸை ஏசி காற்று வருகிற இடத்தில் செருகிக் காயவைத்திருப்பார். அதன் வழியாக வரும் காற்றைத்தான் உள்ளே இருப்பவர்கள் சுவாசிக்க வேண்டும். கப் வைக்கிற குழியில் வெட்டிப்போட்ட நகங்கள். சீட் இடுக்கில் பிஸ்கட் தூள், பல் குத்திய குச்சி, சளி துடைத்துச் சுருட்டிய காகிதம். தலை சாய்கிற இடம் எண்ணெய் படிந்து பிசுபிசுக்கும். இந்தத் தலைக்குப் பக்கத்தில்தான் அக்கா தூங்குகிறாள் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நானும் கிரீஸில் கை வைத்துப் பிழைப்பவன்தான். ஆனால் கிரீஸ் சோப்புப் போட்டால் போய்விடும்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு எல்லாமே அக்காதான். சமையல், துணி, வீடு எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டும்வரை அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் ஆகவிடவில்லை என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வந்த வரன்களில் குறை இருந்தது. எடுத்துச் சொன்னேன். அவ்வளவுதான். கடைசியில் எங்களுக்கு வாடகை வீடு காட்ட வந்த தரகரையே பிடித்திருக்கிறது என்றாள். சரி என்று முன்னால் நின்று நடத்திவைத்தேன். அதன் பிறகு மேசை மேல் தூசி படிந்தது, கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுத்தது. நான் யாரிடமும் புலம்பவில்லை. வாரம் ஒருமுறை என் பட்டறைத் துணியை மட்டும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். பெட்ரோலும் ஆயிலும் ஊறிய துணி. அவள் கசக்கினால்தான் போகும்.

மாமா முதன்முதலில் மைலேஜ் பற்றிப் பேச வந்தது ஒரு காலை நேரத்தில்.

"பெட்ரோல் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள முள்ளு கீழ இறங்கிடுது மச்சான். என்னன்னு கொஞ்சம் பாரு."

பார்க்கவே தேவையில்லை. எனக்குத் தெரியும். மதியம் சாப்பிட்டுவிட்டு, காட்டவேண்டிய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்குவார். வாங்க வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டும்வரை எழமாட்டார். அந்தத் தெருக்களின் வழியாகப் போகும்போது பலமுறை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கன்னத்தில் எச்சில் வழிந்து சட்டைக் காலரை நனைத்திருக்கும். வண்டி ஓர் அடிகூட நகராமல் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். தூங்கும்போது என்ஜினை அணையுங்கள் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மாமா."

"அப்ப பெட்ரோல் எங்கதான் போகுது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்க இல்லாத நேரத்துல வண்டி உங்க வீட்டு வாசல்லதான நிக்குது."

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். வண்டியில் குறை இல்லை. வண்டி அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

அடுத்த முறை துணி கொண்டுபோனபோது அக்கா சிரித்தாள். "இந்தக் கூத்தைக் கேட்டியாடா? செடிக்குத் தண்ணி விடற டியூபை எடுத்து மோந்து பாக்கறார். எவன் பைக்குக்கு ஊத்திக் குடுக்கறேன்னு என்னைக் கேக்கறார். நான் பெட்ரோல் பங்க் வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. டியூபில் கிடைக்காததை அவர் அவள் கையில் தேட ஆரம்பித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டச் சொல்லி, விரல் விரலாக முகர்ந்து பார்ப்பாராம். மூக்கு மயிர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு அவள் விரலில் படுவதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"பெட்ரோல் வாடை அடிக்குதுங்கறார்டா. தம்பி துணி துவைச்சேன்னா நம்பமாட்டேங்கறார். வாரத்துக்கு ஒருதரம் துவைக்கறதுக்குத் தினமும் வாடை வருமான்னு கேக்கறார். நீ ஒரு வார்த்தை சொல்லேன், வண்டியிலதான் கோளாறுன்னு."

"பாக்கறேன்கா."

பார்த்தேன். அடுத்த சர்வீஸில் ஹேண்ட் பிரேக் கேபிளைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். பிரேக் பின் சக்கரங்களை லேசாகக் கவ்விக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பெட்ரோலுக்குத் தெரியும். அடைத்திருந்த ஏர் ஃபில்டரைத் தட்டாமல் அப்படியே மாட்டினேன். துணியையும் வாரத்தில் இரண்டு மூன்று தடவை கொண்டுபோக ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் வேலையும் அதிகம் இருந்தது.

இதைத் தவறு என்று சொல்லுவீர்கள். என் கணக்கு வேறு. குப்பைத் தொட்டியில் விழுந்த ஒருத்தியை வெளியே வா என்று நூறு தடவை கூப்பிடுவதைவிட, நாற்றத்தை அவளே உணரும்படி செய்வது நல்லது. ஒருநாள் போதும்டா சாமி என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் அறையைக் கழுவிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவைத்தேன்.

வந்தாள். வீட்டுக்கு அல்ல, பட்டறைக்கு. உதடு கிழிந்திருந்தது. அதில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் எவ்வளவு அருவருப்பு வந்தது என்று உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"வீட்டுக்கு வந்துடுக்கா. எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. "அங்க வேணாம்டா."

"ஏன், அங்க உனக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. இவர் அடிச்சா விட்டுட்டுப் போயிடணும்னு எனக்குத் தோணுது. உன் வீட்ல இருந்தவரைக்கும் அதுகூடத் தோணாம வெச்சிருந்தியே. போனா தனியா ஒரு ரூம் பாத்துட்டுப் போவேன். உன்கிட்ட மட்டும் திரும்ப வரமாட்டேன். நீ அவர்கிட்ட வண்டியைப் பத்தி உண்மையைச் சொல்லு. அது போதும்."

அவள் போன பிறகு அந்த டம்ளரை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அவர் வாய் பட்ட வாய்தானே அதுவும். அவள்மேல் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மாமா அவளை வீட்டில் தனியாக விடவே இல்லை. ராத்திரி திருடுகிற பெட்ரோலைப் பகலில் எவனுக்கும் ஊற்றிக் கொடுக்கமுடியாதபடி வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். காலையிலிருந்து இருட்டும்வரை முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவர் வீடு காட்டப் போனால் இவள் வண்டியில். அவர் தூங்கினால் இவள் பக்கத்தில், அந்த சாக்ஸ் காற்றில்.

கடைசி சர்வீஸ் பற்றித்தானே உங்களுக்கு வேண்டும். அந்த வண்டியின் புகைக் குழாயில், முன்சீட்டுக்கு நேர் கீழே, ஒரு பழைய வெடிப்பு. முன்பே நான்தான் பட்டை போட்டு இறுக்கி அடைத்திருந்தேன். அன்று அந்தப் பட்டையைக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. அதற்கு நேர் மேலே, வண்டித் தரையில் இருந்த ஒரு ரப்பர் மூடியையும் எடுத்துவிட்டேன், புகை உள்ளே ஏற வழி. பதிலுக்கு மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பிரேக் கேபிளைத் தளர்த்தினேன், புது ஃபில்டர் போட்டேன், டயருக்குக் காற்றடித்தேன். அன்றைக்கு அந்த வண்டி அருமையான மைலேஜ் தந்திருக்கும்.

மாமா உள்ளே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "என்னமோ வாடை வருதே மச்சான்."

"உங்க சாக்ஸா இருக்கும் மாமா."

வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர், கேலி பேசினால் கோபித்துக்கொள்ளமாட்டார். மதியம் அவர்கள் ஒரு காலி வீட்டு வாசலில், யாரோ வாங்க வருவதற்காக, என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள். இரண்டு பேரும் எழவில்லை. தூங்குகிறார்கள் என்று நினைத்து வெகுநேரம் மரியாதையாக வெளியே நின்றார்களாம்.

அவரை மட்டும் நினைத்துத்தான் செய்தேன், அக்கா அன்று வண்டியில் இருப்பாள் என்று தெரியாது, அவள் நல்லதுக்காகத்தான் எல்லாம் என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இன்று உங்களைக் கூப்பிட்டேன். அவள் நல்லதுக்காக என்ற பகுதி அப்படியே இருக்கட்டும்.

வண்டி பட்டறையிலிருந்து கிளம்பும்போது அவள் முன்சீட்டில்தான் இருந்தாள். தலையை வெளியே நீட்டி, "நெடி தாங்கலடா, நான் இந்தக் கண்ணாடியை இறக்கியே வெச்சுக்கறேன்" என்றாள்.

நான் கிட்டே போய்க் கதவில் கை வைத்தேன். "ஏத்திக்கோக்கா. தொறந்து வெச்சா ஏசி வீணாப் போகும், பெட்ரோல் குடிக்கும். அப்புறம் அதுக்கும் உன்னைத்தான் கேப்பார்."

அவளுக்கு என் பேச்சில் எப்போதும் நம்பிக்கை உண்டு. ஏற்றிக்கொண்டாள்.