விழுங்கிய எழுத்து

– கடையில வச்சுப் பேசற விஷயமா இது, நிரஞ்சனா? அத்தா உள்ளதான் இருக்காங்க. அந்த வேலைய விட்டே ஆறு மாசம் ஆச்சு எனக்கு.

– விடல, அர்ஃபான். வெளிய அனுப்புனாங்க. ஒரே ஒரு கேள்விதான் லா. கேட்டுட்டு நான் தெம்பனிஸ் வீட்டுக்குப் போயிடறேன்.

– அன்னைக்கு ஆஸ்பத்திரி மீட்டிங்கிலயே எல்லார் முன்னாடியும் சொன்னியே. ‘எங்கப்பாவுக்கு ஸ்கேன் லெட்டர் போகாததுக்கு இவர்தான் காரணம்’னு.

– சொன்னேன். நோயாளிங்க பேரைப் பிரிச்சுப் படிக்க நாம ஹாஸ்கல் மொழியில எழுதுன ப்ரோகிராம் அது. சின்னச் சின்னத் துண்டா எழுதி ஒண்ணோட ஒண்ணு கோத்தோம். ஒரு துண்டு, இன்னாரோட மகன்னு காட்டற ‘எஸ் ஸ்லாஷ் ஓ’ இருக்கான்னு பாக்கும். இல்லேன்னா அடுத்த துண்டு அதைச் சாதாரணப் பேரா எடுத்துக்கும்.

– எனக்கே பாடமா?

– கேளுங்க. எங்கப்பா பேரு மருதப்பன் சாமிக்கண்ணு. ரெண்டாவது பேருல எஸ்ஸைப் பாத்ததும் முதல் துண்டு அதை விழுங்கிடுச்சு. அப்புறம் ஸ்லாஷ் வரல. திரும்பிப் போய் முதல்லேர்ந்து படின்னு சொல்ல ‘ட்ரை’ன்னு ஒரு வார்த்த வேணும். அது அங்க இல்ல. அப்படியே நின்னுடுச்சு.

– அந்த மாதிரி நாப்பத்தோரு பேரு. யாருக்கும் லெட்டர் போகல. தெரியும்.

– அப்பா மூணு மாசம் தினம் கீழ இறங்கிப் போய் லெட்டர் பாக்ஸைத் தொறந்து பாத்தாரு. ஸ்கேன் எடுக்கறதுக்குள்ள கேன்சர் ஈரல் முழுக்கப் பரவிடுச்சு.

– எங்க அத்தாவே இப்ப எம் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல. போதாதா உனக்கு?

– யாரு தப்புன்னு டைரக்டர் கேட்டப்ப, என்னோடதுன்னு நீங்களே சொன்னீங்க. அதுக்கு மேல யாரும் தோண்டல.

– எழுதுனதச் சரிபாத்து ஓகே போட வேண்டியது நான். படிக்காமலே போட்டேன்.

– ஏன் படிக்கல?

– எழுதுன ஆளு மேல இருந்த நம்பிக்கை.

– அந்த ஆளு பேரை ஏன் சொல்லல? இதான் என் கேள்வி.

– சொல்லி? செத்தவரு எந்திரிச்சு வந்துடுவாரா? கெளம்பு, நிரஞ்சனா. கஸ்டமர் நிக்கிறாங்க.

– நேத்து, யாரு எதை மாத்துனாங்கன்னு இருக்கற பழைய ரெக்கார்டைத் தொறந்து பாத்தேன், அர்ஃபான். வேகம் பத்தலன்னு அந்த ‘ட்ரை’ங்கற வார்த்தையை அழிச்சவ நான்தான்.