பதினொரு வாசல்களில் உண்மை சொன்ன டிரம் அக்காவுக்கு

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் இத்திருச்சபை மருத்துவமனையின் கிருமிநீக்க அறையில் ஆவிக்கும் அனலுக்கும் நடுவே அயராது நின்றவரே, கட்டுத்துணி நிரப்பிய எஃகு டிரம்களை அடுக்கி அடுக்கி அவற்றின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட எங்கள் டிரம் அக்காவே, வணக்கம்.

உங்கள் ஓய்வு விழா மடலை இப்படித் தொடங்கி, இப்படியே முடித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்றிருந்தோம். முதல் படியை வாங்கிப் படித்த நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "யாரு இது? ரொம்ப நல்ல பொம்பளையா இருக்காளே, எனக்கும் அறிமுகப்படுத்தி வைங்க" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. "படிக்கறதா இருந்தா அதையும் சேத்துப் படிங்க. இல்லேன்னா ஒரு டீயோட விட்டுடுங்க."

அது எது என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறோம். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நா எழவில்லை. ஆகவே வேறு யாரோ ஒருவருடைய கதையைப் போல 'அவர்' என்றே சொல்கிறோம். பொறுத்தருள்க.

அவர் பணிக்கு வந்த பதினோராம் ஆண்டு அது. ஒரு காலை நேரம் நீராவி இயந்திரத்தின் அழுத்தமுள் பாதியில் இறங்கிவிட்டது. முறைப்படி டிரம்களை மறுபடியும் முழுநேரம் வேகவிட வேண்டும். அறுவை அரங்கிலிருந்து மூன்று முறை ஆள் வந்துவிட்டது. அனல் முழுதாகப் பட்டால் கறுக்கிற ஒட்டுநாடா ஒன்று டிரம்மின் மேல் இருக்கும். அது கறுத்தால்தான் உள்ளே இருப்பது சுத்தம். அன்று அது கறுக்கவில்லை. அவர் குப்பைக்கூடையைக் கிளறினார். முந்தைய நாள் கறுத்த நாடா ஒன்றை எடுத்து, டிரம்மின் மேல் ஒட்டி அனுப்பிவிட்டார். அரை நிமிட வேலை.

அந்த வாரம் மூன்று தாய்மாருக்குத் தையல் சீழ் பிடித்தது. நாற்பது நாள் படுக்கையில் கிடந்து, பிள்ளைகளுக்குப் பாலூட்ட முடியாமல் அழுது, கடைசியில் பிழைத்து வீடு போனார்கள்.

விசாரணை வைத்தார்கள். டிரம்களைத் தூக்கிப் போனவர் தினக்கூலிக்கு இருந்த ஆயாம்மா. "வழியில யாராவது மூடியைத் திறந்திருப்பாங்களா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஆயாம்மா திறந்திருப்பாங்க, டாக்டர்." சொன்னதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதாம். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது என்பார்.

ஆயாம்மா நடைவழியில் நின்று, போவோர் வருவோரையெல்லாம் கேட்டார். "ஒருத்தராவது சொல்லுங்கம்மா. நான் திறந்தேனா?" ஒட்டியிருந்த நாடா ஓரம் கிழிந்து பழசாக இருந்ததை எங்களில் இருவர் பார்த்திருந்தோம். ஒருவர் கோப்பைப் புரட்டினார். ஒருவர் கைகழுவப் போனார். அன்று மாலையே ஆயாம்மாவை அனுப்பிவிட்டார்கள். ஃபைலில் 'பொறுப்பற்றவர்' என்று எழுதினார்கள்.

ஆறு ஆண்டுகள் சென்றன. நம் சிற்றாலயத்தில் திருவிருந்துக்கு முன் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பற்றிச் சமாதானம் கூறுவோம் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் நின்றவர் புதிதாக வந்த ஒரு ஆயா. சோப்பில் வெடித்த அந்தக் கை நீண்டது. அவரால் அதைத் தொட முடியவில்லை. வரிசையை விட்டு விலகி, அப்பமும் திராட்சரசமும் வாங்காமல், நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

பெரிய டாக்டர் நல்லவர். கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு, "கர்த்தர் மன்னிச்சிட்டாரும்மா. இதை ஏன் இப்பப் போய்க் கிளறணும்?" என்றார்.

"அவர் மன்னிச்சிட்டார், எனக்குத் தெரியும். ஆயாம்மா ஃபைல்ல எழுதினது அவர் இல்லையே, டாக்டர்."

அவரைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள். ஃபைல் அப்படியே இருந்தது. ஆனால் செய்தி கசிந்து, சபையார் வாய்க்கு வந்தது. பாவி ஒருவர் திருந்தினால் எங்களுக்கு எவ்வளவு ஆனந்தம். உபவாசக் கூட்டத்தில், திருந்திய கதையைச் சாட்சியாகச் சொல்ல அழைத்தோம். மைக் பிடித்து நின்ற அவரைப் பார்த்து விம்மினோம். வெளியே வந்ததும் கட்டிக்கொண்டோம். அடுத்த மாதம் வேறொரு சபையிலும் கூப்பிட்டார்கள். மூன்றாவது அழைப்புக்கு அவர் போகவில்லை. "எல்லாரும் என் கண்ணைத் துடைக்கறாங்க. ஒருத்தர்கூட ஆயாம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கல. இப்படியே போனா, செஞ்ச பாவத்தாலயே நான் பெரிய ஆளாயிடுவேன்" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, ஆயாம்மாவைத் தேடிப் புறப்பட்டார்.

ஆயாம்மா ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டு கழுவிக்கொண்டிருந்தார். இவர் ஈரப் படியிலேயே முழங்காலிட்டார்.

"எந்திரி. என் வேலைக்குக் குறுக்க உக்காராத" என்றார் ஆயாம்மா. "மன்னிப்பு கேக்க வந்தியா, வாங்கிட்டுப் போக வந்தியா?"

இவர் எழுந்து ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"என் பொண்ணை அவ மாமியா என்ன சொல்றா தெரியுமா? பிள்ளை பெத்தவங்களுக்குச் சீழ் வச்சவ பொண்ணுன்னு. நீ உன் கடவுள்கிட்டச் சொல்லிட்ட, சரி. அவகிட்ட யார் சொல்றது? அவரா வருவாரு?"

"நான் போறேன், ஆயாம்மா."

"அவ ஒருத்திகிட்ட மட்டும் போதுமா?" என்று கேட்டு, ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பதினொரு வாசல். சம்பந்தி வீடு, வேலைக்குக் கேட்டு இல்லையென்ற இரண்டு மருத்துவமனைகள், வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர், பேச்சை நிறுத்திய தங்கை, அந்த மூன்று தாய்மார் வீடுகள், இன்னும் இரண்டு. கடைசி வாசல், நாம் இருக்கிற இந்த வாசல்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு வாசலாக ஏறினார். எல்லா இடத்திலும் அதே பேச்சுதான்: "நான் பொய் சொன்னேன். ஆயாம்மா மேல தப்பில்லை." ஜெபம் சேர்க்கவில்லை, அழவில்லை. அழுதால் அவர்கள் தன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள் என்று பயந்தார். சம்பந்தியம்மாள், "இத்தனை வருஷம் எங்க போயிருந்த?" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தார். மூன்று தாய்மாரில் ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

பதினோராவதாக, மதியச் சாப்பாட்டு வேளையில் எங்கள் உணவறையில் வந்து நின்றார். "நான் பொய் சொன்னேன். ஆயாம்மா திறக்கல. உங்கள்ல சிலருக்கு இது அன்னைக்கே தெரியும்" என்றார். நாங்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

அவர் உட்காரவில்லை. ஃபைலைத் திருத்தும்வரை தினமும் மதியம் வந்து நின்றார். பத்தொன்பதாம் நாள் திருத்தினார்கள். ஆயாம்மாவை மீண்டும் வேலைக்கு அழைத்தார்கள், அதே தினக்கூலிக்கு. ஆயாம்மா ஒரு நிபந்தனை போட்டார்: சலவையில் இருப்பவளை மறுபடியும் நீராவி அறைக்கே கொண்டுவர வேண்டும்.

"ஏன் ஆயாம்மா?" என்று பெரிய டாக்டர் வியந்தார்.

"அவசரத்துல என்ன செய்வோம்னு அவளுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது. அதுவும் போக, அவ இல்லேன்னா நான் யாரைக் கண்காணிக்கறது?"

அன்றுமுதல் ஒன்பது ஆண்டுகள் இருவரும் அந்த அறையில் ஒன்றாக நின்றார்கள். முள் இறங்கினால் அறுவை அரங்கமே கத்தினாலும் கதவு திறக்காது. "கத்தட்டும்" என்பார் ஆயாம்மா. "கத்தட்டும்" என்பார் இவரும். அந்த அறையிலிருந்து போன ஒரு டிரம்மால் ஒரு தையலும் கெடவில்லை. இழந்த வேலையைக் கடவுள் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நாங்கள் சாட்சி சொல்வோம். கொடுத்த கை படிக்கட்டு கழுவிய கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆயாம்மா ஓய்வு பெற்ற அன்று மடல் எழுதப்படவில்லை. தினக்கூலிக்கு அது வழக்கமில்லை என்றோம்.

டிரம் அக்காவே, இனி உங்களிடமே பேசுகிறோம். இந்த விழாவுக்கு அழைக்க ஆயாம்மாவிடம் தொலைபேசினோம். மன்னித்துவிட்டதாக அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டு இம்மடலில் சேர்க்க ஆசைப்பட்டோம்.

"அந்த வார்த்தையெல்லாம் எழுதிக்காதீங்க. அவ வந்தா எங்க வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் போறா. வேணும்னா அதை எழுதிக்கோங்க" என்றார். போனை வைக்குமுன், "நீங்க யாரும் இதுவரை வந்ததில்லையே" என்றார்.

ஆகவே, நெடிய ஆயுளும் நிறைந்த நலமும் உங்களுக்கு அருளும்படி ஆண்டவரை இறைஞ்சும் நாங்கள், உங்களிடமும் ஒன்று வேண்டுகிறோம். இக்கூட்டம் முடிந்ததும் எங்களை ஆயாம்மா வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளே கூப்பிடாவிட்டால், வாசலில் நின்று சொல்லிவிட்டு வருகிறோம்.

இங்ஙனம்,
மருத்துவமனைப் பணியாளர்கள்,
அன்று நடைவழியில் நின்ற இருவர் உட்பட.